வேலை முடிந்த பின் எங்கே இருப்பது? அயல்நாட்டில் ஓய்வுபெறும் நம் பெரியவர்களுக்கான பாடம்



1970களில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் வேலைக்கு ஆள் தேடின. தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் புறப்பட்டார்கள். கரும்பும் வெல்லமும் விளையும் நம் நெய்க்காரப்பட்டிப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் உண்டு. இருபது வயதில் போனவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளைப் படிக்கவைத்தார், வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ். இனி அவர் எங்கே இருப்பார், எதை வைத்து வாழ்வார் என்பதைப் பல குடும்பங்கள் விசா ரத்தாகும் வாரம்வரை பேசுவதில்லை. அப்போது பேசுவது அவசரத்தில் பேசுவதாகிவிடும். அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கினோம்.

பெரியவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. வேலை பார்த்த நாட்டிலேயே தங்கலாம். வேறு நாட்டில் வேலை பார்க்கும் மகன் அல்லது மகளிடம் போய் இருக்கலாம். ஊருக்குத் திரும்பலாம். எந்த வழியானாலும் சில ஏற்பாடுகள் முன்கூட்டியே தேவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடம் 1: தங்கும் உரிமை யார் கையில்?

வளைகுடாவில் முப்பது ஆண்டு உழைத்தாலும் அந்த நாடு நமக்குச் சொந்தமாவதில்லை. நம் குடியிருப்பு அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா ரத்தானபின் வெளியேறுவதற்கு, விசா வகையைப் பொறுத்து 30 நாளிலிருந்து 180 நாள்வரை அவகாசம் தருகிறார்கள். சவூதியில் இறுதி வெளியேற்ற விசா அடித்தபின் 60 நாளுக்குள் புறப்பட வேண்டும்.

அமீரகத்தில் ஓய்வுபெற்றோருக்கென 5 ஆண்டு விசா உண்டு. அதைக் கேட்பவர் குறைந்தது 15 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது ஓய்வுபெறும்போது 55 வயது நிறைந்திருக்க வேண்டும். அத்தோடு 10 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து, அல்லது 10 லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது மாதம் 20,000 திர்ஹம் வருமானம் (துபாயில் 15,000) காட்ட வேண்டும். கடையிலும் கட்டட வேலையிலும் ஓட்டுநர் வேலையிலும் இருந்த நம்மவர்களில் மிகச் சிலருக்கே இது எட்டும். "அங்கேயே இருந்துவிடலாம்" என்று நினைப்பவர் முதலில் இந்தத் தொகையைத் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் மாறவும் கூடும். குவைத்தில் 2021 ஜனவரி முதல், 60 வயது கடந்த, பட்டப்படிப்பு இல்லாத வெளிநாட்டவரின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் அங்கிருந்த வாழ்க்கையை முடித்துக்கொண்டு புறப்பட வேண்டியதாயிற்று. சவூதியில் நம்மைச் சார்ந்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் 2017இல் 100 ரியாலாகத் தொடங்கி, 2020இல் 400 ரியாலுக்கு உயர்ந்தது. மனைவியை உடன் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 4,800 ரியால் இதற்கே போகும்.

பிள்ளைகளின் பொறுப்பில் தங்குவதற்கும் நிபந்தனைகள் உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மகன் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க, மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அமீரகத்தில் மகனின் சம்பளம், வீட்டு வசதி, பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மகனுடைய வேலை போனால் பெற்றோரின் அனுமதியும் போகும். இதை மகனும் பெற்றோரும் சேர்ந்து உணர்ந்திருப்பது நல்லது.

இன்னொன்று: அமீரகத்தின் வழக்கமான குடியிருப்பு அனுமதியில் இருப்பவர் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அனுமதி செல்லாமல் போகும். "ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன்" என்று வரும் பெரியவர்கள் நாளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

பாடம் 2: பணிக்கொடையைக் கணக்குப் பார்ப்போம்

வளைகுடாவில் நம்மவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது வரும் பணிக்கொடைதான் உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம். மொத்தம் 2 ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. வீட்டுப்படி, பயணப்படி சேராது.

ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹம், அதில் அடிப்படை 3,000 என்று வைத்துக்கொள்வோம். 22 ஆண்டு ஒரே நிறுவனத்தில் இருந்தார். ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 100 திர்ஹம். முதல் 5 ஆண்டுக்கு 10,500. மீதி 17 ஆண்டுக்கு 51,000. மொத்தம் 61,500 திர்ஹம். இதை ஓய்வுக்குப் பின் 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு 256 திர்ஹம்தான் வரும். கையில் மொத்தமாக வரும்போது பெரிய தொகையாகத் தெரியும். மாதக் கணக்கில் பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு தெரியும்.

சவூதியில் கணக்கு வேறு. முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். தானாக வேலையை விட்டால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டுவரை மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 10 ஆண்டுவரை மூன்றில் இரண்டு பங்கும், 10 ஆண்டுக்குமேல் முழுவதும் கிடைக்கும். ஒன்பதரை ஆண்டில் அவசரப்பட்டு எழுதிக்கொடுப்பவர் எவ்வளவு இழக்கிறார் பாருங்கள்.

அமீரகத்தில் வேலை முடிந்த 14 நாளுக்குள் நிறுவனம் எல்லாப் பாக்கியையும் கொடுத்துவிட வேண்டும். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் கைக்கு வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கி வரவுப் பட்டியல் ஆகியவற்றைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். சிக்கல் வந்தால் அமீரகத்தில் இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்தை 800 46342 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.

வந்த பணத்தை எங்கே வைப்பது? வைப்புநிதி வட்டியை நம்பி வாழ்வது நமக்கு ஆகுமானதல்ல. கடை வாடகை, வீட்டு வாடகை, நம்பகமானவரோடு எழுத்துப்பூர்வமான கூட்டு வியாபாரம் ஆகியவை நாம் அறிந்த வழிகள். ஷரீஅத் அளவுகோலில் வடிகட்டிய பங்குக் குறியீடும் தேசியப் பங்குச் சந்தையில் உண்டு. அதில் இலாபமும் நட்டமும் கலந்தே வரும். எதுவானாலும் மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். ஓராண்டுச் செலவுக்கான தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். நிஸாபைத் தாண்டிய சேமிப்புக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் கடமை என்பதையும் கணக்கில் சேருங்கள். பணிக்கொடைக்கு எப்போதிலிருந்து ஜகாத் என்பதை உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பாடம் 3: பிள்ளைகள் வீட்டில் அன்றாட வாழ்க்கை

மகன் வீட்டுக்குப் போகும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் முதல் மாதம் விருந்தாகத்தான் இருக்கும். பிறகு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பதினான்காம் மாடியில் கதவை அடைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் காலையில் பள்ளிவாசல், பிறகு டீக்கடை, பேச்சு என்று பழகிய மனிதருக்கு இது பெரிய பாரம். அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

இதற்குப் பிள்ளைகள் செய்யக்கூடியது உண்டு. வீடு பார்க்கும்போதே பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வேளை போய்வருவதே அத்தாவுக்கு நடைப்பயிற்சியும் நட்பும் ஆகிவிடும். அம்மாவுக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு குடும்பத்தையாவது அறிமுகம் செய்யுங்கள். வீட்டுச் சாவி ஒன்று, கைச்செலவுக்குப் பணம், தனிக் கைப்பேசி மூன்றும் அவர்கள் கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மகனைக் கேட்டு நிற்பது பெற்றோரின் மனதைக் குறுகவைக்கும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சம்பளமில்லாத ஆயாவாக அவர்களை ஆக்கிவிடக்கூடாது.

வீட்டுமுகவரியை அந்த நாட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி அத்தாவின் சட்டைப்பையில் வையுங்கள். அவசர எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு அமீரகத்தில் 998, சவூதியில் 997, சிங்கப்பூரில் 995. மலேசியாவிலும் கத்தரிலும் 999. குவைத்தில் 112.

பெட்டி கட்டும்போதும் கவனம் வேண்டும். குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் அரைக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். மசாலாப் பொட்டலத்தோடு ஒரு கைப்பிடி போனாலும் விமான நிலையத்தில் போதைப்பொருள் வழக்காகும். அம்மாமார்கள் இதை நம்பமாட்டார்கள், எடுத்துச்சொல்ல வேண்டும். மருந்துகளும் அப்படியே. நம் ஊர்க் கடையில் எளிதாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. டிராமடால், கோடீன், அல்பிரசோலம் போன்றவை சேர்ந்திருந்தால் அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தரும் பொட்டலத்தை, யார் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பெரியவர்களின் காப்பீட்டில் முன்பே இருந்த நோய்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் படித்துப் பாருங்கள். மலிவான காப்பீடு விசாவுக்குப் போதும். ஆனால் மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தால் அது போதாமல் போகலாம்.

பாடம் 4: ஊரில் இருக்கும் கணக்கும் நிலமும்

வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு; ஊரில் வரும் வாடகை, ஓய்வூதியம், விளைச்சல் பணத்துக்கு என்.ஆர்.ஓ. கணக்கு. என்.ஆர்.இ. பணத்தைத் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர்வரை, வரிச் சான்றோடு அனுப்பலாம்.

நம் பக்கத்தில் அதிகம் தவறு நடப்பது நில விஷயத்தில். வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் கடையும் வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அனுமதி இல்லை. பரம்பரையாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பி இந்தியவாசி ஆனபின் வாங்கலாம். கரும்புக்காடு மலிவாக வருகிறது என்று அங்கிருந்தே பணம் அனுப்பி வாங்கினால் அன்னியச் செலாவணிச் சட்டப்படி சம்பந்தப்பட்ட தொகையில் மூன்று மடங்குவரை தண்டம் விதிக்கலாம்.

"சரி, தம்பி பேரில் வாங்குகிறேன்" என்பது நம்மிடையே வழக்கம். பினாமிச் சட்டம் மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குள்ள பணத்தில் வாங்குவதை அனுமதிக்கிறது. சகோதரன், சகோதரி பெயரில் என்றால் பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பினாமி. அந்தச் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. "என் பணம்" என்று நீதிமன்றத்தில் கேட்கவும் முடியாது. தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவர் மௌத்தானால் அவருடைய மனைவி மக்களுக்கு அது வாரிசுச் சொத்து. உழைத்தவர் திரும்பி வந்து, தான் வாங்கிய மனையில் தனக்கு இடமில்லாமல் நிற்பது இப்படித்தான். பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிவைக்கும்படி அல்குர்ஆன் 2:282ஆம் வசனம் விரிவாகச் சொல்வது நம் உறவு கெடாமல் இருக்கத்தான். எழுதுவதைச் சந்தேகமென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுப்பவர்கள் எல்லா அதிகாரத்தையும் ஒரே தாளில் கொடுக்காதீர்கள். வாடகை வசூலிக்க என்றால் அதற்கு மட்டும். இந்தச் சர்வே எண்ணை விற்க என்றால் அதற்கு மட்டும். தூதரகத்தில் கையெழுத்திட்டு வரும் பத்திரத்துக்கு, இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். எழுதிக்கொடுத்தவர் மௌத்தானதும் சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாது. அதை வைத்துப் பிறகு விற்பது குற்றத்தில் முடியும்.

பாடம் 5: ஓய்வூதியம் வாங்குவோர் பிள்ளைகளிடம் போனால்

நம் பெரியவர்களில் அரசுப் பள்ளி, மின்வாரியம், அஞ்சலகம் போன்றவற்றில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களும் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று தராவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதத்திலும், 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலும் தரலாம். ஜீவன் பிரமாண் என்னும் மின்னணுச் சான்று 2014 நவம்பரில் தொடங்கியது. இப்போது ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலியில் கைப்பேசி வழியாகவே தரலாம். அது முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்ச் சான்று பெற்று அனுப்பலாம். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் செயலில் இருக்கட்டும். வெளிநாடு போனதும் இந்திய எண்ணை விட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு வேலையும் கடவுச்சொல் வராமல் நின்றுபோகும்.

பாடம் 6: ஊருக்குத் திரும்புகிறவர்

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ, திரும்பியோருக்கான வெளிநாட்டுச் செலாவணிக் கணக்காகவோ மாற்ற வேண்டும். வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்த அங்குள்ள சொத்தையும் கணக்கையும் அப்படியே வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வருமான வரியில், திரும்பியவுடனே எல்லோரும் முழு இந்தியவாசி ஆகிவிடுவதில்லை. முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வெளிநாட்டவராக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729க்குள் இருந்தாலோ, அவருக்கு "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற நிலை கிடைக்கும். அதுவரை வெளிநாட்டில் வரும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. அந்தக் காலம் முடிந்தபின் வெளிநாட்டுக் கணக்குகளை வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் தண்டம் வரக்கூடும். ஒரு தணிக்கையாளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதற்கான கட்டணம் வீண் செலவல்ல.

மருத்துவக் காப்பீட்டைத் திரும்பிய பின் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 65 வயதுக்குமேல் புதிய காப்பீடு கிடையாது என்ற தடை 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. ஆனாலும் முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம்வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆகவே திரும்புவதற்கு மூன்றாண்டு முன்பே இங்கே எடுத்துவைத்தால், வரும்போது அது முழுதாகப் பயன்படும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

வெளிநாட்டில் இருக்கும் 18 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். ஓய்வுபெறும் வயதில் சேர முடியாது. ஆகவே இப்போது அங்கிருக்கும் இளைஞர்களைச் சேரச் சொல்லுங்கள். கேரளத்தில் பிரவாசி நல வாரியத்தில் ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டியவர்களுக்கு 60 வயதுக்குப் பின் மாத ஓய்வூதியம் கிடைக்கிறது. நம் மாநிலத்திலும் அப்படி ஒன்று வேண்டுமென்று ஜமாஅத்துகள் சேர்ந்து கேட்பது நியாயமானது.

திரும்பியவர் ஊரில் பழைய இடத்தைத் தேடுவார். நண்பர்களில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். மனைவி முப்பது ஆண்டாகத் தானே நடத்திய வீட்டில் திடீரென்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் கேட்டால் சிரமப்படுவார். வந்த முதல் ஆண்டில் வீட்டு நிர்வாகத்தை மாற்றாதீர்கள்; கடனும் கொடுக்காதீர்கள்; கடையும் தொடங்காதீர்கள். பள்ளிவாசல் கணக்கு எழுதுவது, பிள்ளைகளுக்கு அரபியோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுப்பது, வெளிநாடு போகும் இளைஞரின் ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவது என்று உங்கள் அனுபவத்துக்கு ஊரில் வேலை இருக்கிறது.

பாடம் 7: வஸிய்யத்தும் வாரிசும்

நாமினி என்று பெயர் போட்டுவிட்டால் சொத்து அவருக்கே என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். பங்குகளிலும் அப்படியே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள்வரை போடலாம்.

நம் ஷரீஅத்தில் வரிசை தெளிவானது. முதலில் அடக்கச் செலவு. அடுத்து கடன், கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத். மீதி வாரிசுகளுக்கு. வாரிசாக வருபவருக்கே வஸிய்யத் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். எல்லாம் போக 24 லட்சம் ரூபாய் மீதி இருக்கிறது, மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு 14, மகளுக்கு 7. மகளின் பங்கு அல்லாஹ் விதித்தது. "சீர் செய்துவிட்டோம்" என்று சொல்லி அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகன் பேருக்கு ஹிபா செய்பவர்கள் பொறுமையாக யோசியுங்கள். பிள்ளைகளுக்குள் நீதி வேண்டுமென்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. "எங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவதும் நல்லது. பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். நம் பகுதிக்குப் பழனி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567.

வெளிநாட்டில் மௌத்து ஏற்பட்டால் அங்குள்ள வங்கிக் கணக்கு முடக்கப்படும். வாரிசுச் சான்றை அரபியில் மொழிபெயர்த்து, சான்றொப்பம் பெற்று, அந்நாட்டு நீதிமன்றம் வழியாகத்தான் பணம் வரும். சவூதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளன. அதில் சேராத நாடுகளுக்கு அவற்றின் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. ஆகவே குடும்பச் செலவுக்கான பணம் முழுவதையும் அங்கேயே வைத்திருக்காதீர்கள்.

ஜனாஸா விஷயத்திலும் முன்பே சொல்லிவைப்பது நலம். உடலை ஊருக்குக் கொண்டுவர மரணச் சான்று, காவல்துறை அனுமதி, பாஸ்போர்ட் ரத்து, தூதரகத்தின் தடையின்மைக் கடிதம், பதப்படுத்திய சான்று எல்லாம் வேண்டும். நாட்கள் போகும். அடக்கத்தை விரைவுபடுத்துவதே சுன்னத். முஸ்லிம் நாட்டிலேயே அடக்கம் செய்யக் குடும்பம் சம்மதித்தால் அதில் குறையொன்றுமில்லை. உங்கள் விருப்பத்தை மனைவி மக்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் பாரம் அவர்கள் தலையில் விழ வேண்டாம். வசதியில்லாதவரின் உடலை அனுப்ப, தூதரகத்தில் 2009 முதல் உள்ள இந்தியச் சமூக நல நிதியில் உதவி கேட்கலாம்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு தாள் எடுத்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். விசா எந்தத் தேதியில் முடிகிறது? பணிக்கொடை எவ்வளவு வரும்? ஓய்வுக்குப் பின் மாதச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும்? யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும்? எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? மருத்துவக் காப்பீடு எங்கே, எவ்வளவு? மஹர் கொடுத்தாயிற்றா? பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன? தாளின் ஒரு பிரதி மனைவியிடம் இருக்கட்டும், ஒன்று மூத்த பிள்ளையிடம் இருக்கட்டும்.

இங்கே சொன்ன தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. முடிவெடுக்குமுன் உரிய அலுவலகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அயல்நாட்டில் தனித்திருக்கும் நம் பெரியவர்களுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களின் உழைப்பில் பரக்கத்தையும், பிள்ளைகளிடத்தில் கண்குளிர்ச்சியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.